பாட்டியின் புத்தகத்தில் ஒரு தேதி, கைப்பேசியில் ஒரு தேதி: பேர்கொண்ட திருநாளைச் சரிபார்ப்பது எப்படி?

பேர்கொண்ட திருநாள் என்றால் நமக்குப் பெயர் தந்த புனிதரின் திருநாள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் குடும்பங்களில் பெரியவர்கள் பழைய ஜெபப் புத்தகத்தைப் பார்த்து அந்தத் திருநாளைச் சொல்வார்கள், பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்து வேறு தேதி சொல்வார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியைத் திருத்தினார், 1970 ஜனவரி 1 முதல் புதியது நடப்புக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்ட முறையை இங்கே தருகிறேன்.

படி 1: வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை, அவரவர் புனிதரோடு எழுதுங்கள். ஆசீர்வாதம் மாமாவுக்குப் பெனடிக்ட், ராயப்பன் தாத்தாவுக்குப் பேதுரு என்று புதுப் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். செயலிகளில் அப்படித் தேடினால்தான் கிடைக்கும்.

படி 2: புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது, நானும் இங்கேதான் வெகுநேரம் நின்றேன். "பழைய நாட்காட்டி" என்று ஒன்றே ஒன்று இல்லை. 1969-க்கு முன்பே சில தேதிகள் நகர்ந்துவிட்டன. பாட்டியின் புத்தகத்தில் முன்பக்கங்களைச் செல் அரித்துவிட்டது, அச்சிட்ட ஆண்டே இல்லை. முதுகில் துணி ஒட்டி, ஓரமெல்லாம் மைபென்சிலில் "அண்ணன்", "பெரியம்மா" என்று குறிப்பு மட்டும் இருக்கிறது.

அப்படிப்பட்ட புத்தகமா? நேராக மே மாதத்தைத் திறங்கள். மே 1-இல் பிலிப்பும் யாகப்பரும் இருந்தால் அது 1956-க்கு முந்திய கணக்கு. மே 1-இல் தொழிலாளரான சூசையப்பர் வந்து, அவர்கள் இருவரும் மே 11-க்குப் போயிருந்தால் 1956-க்குப் பிந்தியது. அப்புறம் மே 3-ஐப் பாருங்கள். சிலுவையைக் கண்டெடுத்த திருநாள் இருந்தால், 1960 திருத்தம் இன்னும் ஏறவில்லை. அதே மே 3-இல் பிலிப்பும் யாகப்பரும் இருந்தால் புதிய நாட்காட்டி. மூன்று தேதிகளைப் பார்த்தால் போதும், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

படி 3: இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். நம் பக்கம் அதிகம் புழங்கும் பெயர்கள்:

தோமையார்: டிசம்பர் 21, இப்போது ஜூலை 3
பெனடிக்ட்: மார்ச் 21, இப்போது ஜூலை 11
மோனிக்கா: மே 4, இப்போது ஆகஸ்ட் 27
சுவக்கீன்: ஆகஸ்ட் 16, இப்போது அன்னம்மாளோடு ஜூலை 26
குழந்தை தெரசா: அக்டோபர் 3, இப்போது அக்டோபர் 1

அந்தோனியார் ஜூன் 13-ஐயும் சவேரியார் டிசம்பர் 3-ஐயும் விட்டு அசையவில்லை. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறவர்களும் கவலைப்பட வேண்டாம், அன்னம்மாள் எப்போதும் ஜூலை 26 தான். சாமிநாதரும் (டொமினிக்) ஜான் மரிய வியான்னியும்தான் வேடிக்கை. 1969 திருத்தத்துக்கு முந்திய 1962 நாட்காட்டியில் சாமிநாதர் ஆகஸ்ட் 4, வியான்னி ஆகஸ்ட் 8. புதியதில் இடம் மாறிக்கொண்டார்கள்.

தேதியை மாற்றியதற்குக் காரணம் உண்டு. மார்ச் 21 பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் விழும், டிசம்பர் 21 கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக்காலத்தின் கடைசி நாட்களில் வரும். அந்த நாட்களைக் காலியாக வைக்க நினைத்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்குத் தோமையார் முன்பிருந்தே ஜூலை 3 என்பதால் தோட்டத்து மலையாளக் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. மோனிக்காவோ மகன் அகுஸ்தீன் திருநாளுக்கு முந்தின நாளுக்கு வந்துவிட்டார்.

படி 4: கைப்பேசி நாட்காட்டியில் ஆண்டுதோறும் வருமாறு போடுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எந்த நாட்காட்டி என்று சொல்லாத செயலியை நான் தொடுவதே இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸைப் பார்த்தும் தேதி எடுக்காதீர்கள், வசதிக்காக வார இறுதிக்குத் தள்ளியிருப்பார்கள்.

பின்சேர்க்கை: மத்தியாஸ் என்று பெயர் உள்ள ஒருவர் கேட்டிருந்தார். பழைய கணக்கில் உங்களுக்குப் பிப்ரவரி 24, லீப் ஆண்டில் மட்டும் 25. கைப்பேசிக்கு இது தெரியாது, அந்த ஆண்டில் கையால்தான் மாற்ற வேண்டும். புதியதில் மே 14, தொல்லை இல்லை.

இன்னொன்று: லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கிறிஸ்தோபரைக் காணோம் என்றார். 1969-இல் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்தார்கள், புனிதர் பட்டத்தை எடுக்கவில்லை. ஜூலை 25-இலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதே நாள் சந்தியாகப்பருக்கும் உரியது என்பதால் செயலி சந்தியாகப்பரை மட்டுமே காட்டும்.