ஒரே மாதிரியான மோசடி மின்னஞ்சல்களை ஒரே எச்சரிக்கையாகத் தொகுப்பது எப்படி?

ஒரு மோசடி மின்னஞ்சலை நாற்பது பேர் புகாரளித்தால், பாதுகாப்புப் பிரிவில் இருப்பவருக்கு நாற்பது எச்சரிக்கைகள் வந்து குவிகின்றன. பத்தாவதைத் திறக்கும்போதே கண் பழகிப்போய்விடுவதால், இடையில் வரும் முற்றிலும் வேறான ஒரு மோசடியும் அதே வேகத்தில் மூடப்பட்டுவிடக்கூடும். தொகுத்தல் அதைத் தடுப்பதற்காகவே.

முதலில், புகார்களை மூல மின்னஞ்சல் கோப்பாகவே பெறுங்கள். வெறுமனே ஃபார்வர்டு செய்தால் அனுப்பிய சர்வரைக் காட்டும் ஹெடர் தகவல்கள் தொலைந்துவிடும்.

அடுத்து உரையைத் தூய்மைப்படுத்துங்கள். எச்.டி.எம்.எல். குறிகளையும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல எழுத்துகளையும் நீக்கிவிட்டு, பெறுநரின் பெயர், எண்கள், தேதிகள், லிங்க்குகள் ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு பொதுக் குறியீட்டை இடுங்கள். ஆனால் லிங்க்கின் டொமைனையும் (அது செல்லும் இணையதளத்தின் பெயர்) இணைப்புக் கோப்பின் ஹாஷையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) தனியே குறித்து வைப்பது கட்டாயம். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இனி ஒப்பீடு. உரையை அடுத்தடுத்த இரண்டு சொற்கள் கொண்ட இணைகளாகப் பிரித்து, இரு மின்னஞ்சல்களுக்கும் பொதுவான இணைகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்த்து உள்ள மொத்த இணைகளின் எண்ணிக்கையால் (பொதுவானவற்றை ஒருமுறை மட்டும் எண்ணி) வகுக்க வேண்டும். தாவரவியலாளர் பால் ஜக்கார் இரு நிலப்பகுதிகளின் செடிவகைகளை ஒப்பிட 1901இல் கையாண்ட அளவுகோல் இது. "உங்கள் கடவுச்சொல் இன்று காலாவதியாகிறது இங்கே சொடுக்கவும்" என்பதில் 'இன்று' மட்டும் 'நாளை' ஆனால், 7 இணைகளில் 3 மட்டுமே பொதுவாக நிற்கும், மதிப்பு 0.43. அதே மாற்றம் சொற்றொடர்கள் திரும்ப வராத 60 சொல் மின்னஞ்சலின் நடுவே நேர்ந்தால், 61 இணைகளில் 57 பொதுவாக இருப்பதால் மதிப்பு 0.93 ஆகும். ஆகவே நீண்ட உரைகளுக்கு, மதிப்பு 0.7 போன்ற எல்லையை எட்டினால் ஒரே குழு எனக் கொண்டு தொடங்கலாம். மிகச் சுருக்கமான மின்னஞ்சல்களுக்கு டொமைனையும் ஹாஷையும் நம்புவதே மேல்.

புதிய மின்னஞ்சலைக் குழுவின் முதல் மின்னஞ்சலோடு மட்டும் ஒப்பிடுங்கள். குழுவில் உள்ள ஏதேனும் ஒரு மின்னஞ்சலோடு ஒத்தால் போதும் என்று விட்டால், சங்கிலிபோல் நீண்டு தொடர்பற்றவையும் ஒன்றாகிவிடும். எண்ணிக்கை பெருகினால் மட்டும், ஒவ்வோர் உரையையும் சிறு குறியீட்டுத் தொகுப்பாகச் சுருக்கி ஒற்றுமையை விரைவாக மதிப்பிடும் மின்ஹாஷ் முறைக்கு மாறுங்கள். 5,000 மின்னஞ்சல்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஏறத்தாழ 1.25 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும்.

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தவறுவது அடுத்த படியில்தான். மோசடியாளர்கள் உண்மையான அறிவிப்பின் உரையை அப்படியே நகலெடுத்து, லிங்க்கை மட்டும் மாற்றுவதுண்டு. உரையை மட்டும் பார்த்தால் அசலும் போலியும் ஒரே குழுவில் விழும். அசலைப் பார்த்து "ஆபத்தில்லை" என்று ஒருவர் மூடினால் போலியும் சேர்ந்தே மூடப்படும். எனவே ஒவ்வொரு குழுவையும் டொமைன் வாரியாகவும், அனுப்புநர் சரிபார்ப்பின் (மின்னஞ்சல் உண்மையிலேயே அந்த அனுப்புநரின் டொமைனிலிருந்து வந்ததா என்ற சோதனையின்) முடிவு வாரியாகவும் உட்பிரிவுகளாக உடைத்து, ஒவ்வோர் உட்பிரிவுக்கும் தனித்தனியே முடிவெடுங்கள்.

கடைசியாக, உட்பிரிவுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் எழுப்பி, பிறகு வரும் புகார்களை அதன் எண்ணிக்கையில் சேர்த்துவிடுங்கள். யாராவது லிங்க்கைச் சொடுக்கியிருந்தாலோ புதிய இணைப்புக் கோப்பு தென்பட்டாலோ, மூடிய எச்சரிக்கை தானாகவே மீண்டும் திறக்கும்படி விதி எழுதுங்கள்.