இருவருக்கு ஒரு மிளகு பிரௌனி

ஏற்காடு போனால் காபித்தூளும் மிளகும் வாங்காமல் யாரும் சேலம் இறங்குவதில்லை. இரண்டுக்குமே ஆசையைத் தூண்டும் என்று ஒரு பெயர் உண்டு, சாக்லேட்டுக்கும்தான். நிரூபணம் பெரிதாக இல்லை, ஆனால் மூன்றும் சேர்ந்தால் ருசி அபாரம்.

100 கிராம் டார்க் சாக்லேட்டை 75 கிராம் வெண்ணெயோடு உருக்கி, கெட்டி டிகாஷன் இரண்டு ஸ்பூன் விடுங்கள். காபி வாசம் தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் சுவைதான் கூடும். ஆறியதும் 2 முட்டையும் 100 கிராம் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, 50 கிராம் மைதாவைக் கலக்கவும். மிளகு கால் ஸ்பூன், லேசாக வறுத்து அப்போதே பொடித்ததாக இருக்கட்டும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை போதும். அளவு மீறினால் காதல் வராது, தலைசுற்றலும் குமட்டலும்தான் வரும்.

ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், சுமார் 20 நிமிடம். நடுவில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.