சுவரில் தொங்கும் சான்றிதழும் பணம் வாங்கும் அனுமதியும்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ முதலீடு திரட்டும் அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்தால், மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, சிறுதொழில் பதிவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இது அரசு அனுமதி பெற்ற நிறுவனம் என்று முடிவு கட்டுவதே நம்மவர் செய்யும் முதல் தவறு; பெரிய தவறும் அதுவே. கம்பெனிப் பதிவு நிறுவனம் பிறந்த செய்தியைச் சொல்கிறது, ஜிஎஸ்டி எண் வரிக்கணக்கைச் சொல்கிறது. பொதுமக்களின் பணத்தை வட்டிக்கு வாங்கும் உரிமையை இவற்றுள் எதுவும் தருவதில்லை. அந்த உரிமை தொழிலுக்குத் தக்கபடி வெவ்வேறு இடங்களிலிருந்து வர வேண்டும்: வங்கியல்லாத நிதி நிறுவனத்திற்கு ரிசர்வ் வங்கி, முதலீட்டு ஆலோசகருக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சீட்டு நடத்துபவருக்கு மாநிலத்தின் சீட்டுப் பதிவாளர்.

உரிய இடத்திலிருந்து வந்த அனுமதியையும், அது எந்தச் செயலுக்கு என்று பாராமல் விடுவது அடுத்த தவறு. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி கிடையாது. அனுமதி உள்ளவையும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக் கூடாது. 12 மாதத்திற்குக் குறைவாகவோ 60 மாதத்திற்கு மேலாகவோ வைப்புத்தொகை பெறக் கூடாது. ஆகவே ஒரு நிதி நிறுவனம் 'இரண்டு வட்டி' தருகிறோம் என்றால், அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் ஆண்டுக்கு 24 விழுக்காடு என்றால், அது விதிமீறல் என்பதற்கு வேறு ஆதாரம் தேடவே வேண்டாம். வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் இங்கே இல்லை.

'நிதி லிமிடெட்' என்று பெயர் முடியும் நிறுவனங்கள் உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புத்தொகை பெறலாம். அவை சீட்டு நடத்தவோ, வைப்புத்தொகை பிடித்துத் தருபவருக்குத் தரகு கொடுக்கவோ 2014ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஆள் பிடித்தால் கமிஷன் உண்டு என்று சொல்வாராயின், அந்தச் சொல்லே விதிமீறலுக்குச் சாட்சி. சீட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு: 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வேண்டும். பழைய சீட்டின் எண்ணைக் காட்டிப் புதிய சீட்டில் சேர்ப்பவரிடம், இந்தச் சீட்டின் எண் எங்கே என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதலீட்டு ஆலோசகரிடம் செபி எண் இருந்தாலும், அவர் பெறக்கூடியது ஆலோசனைக் கட்டணம் மட்டுமே. முதலீட்டுத் தொகையைத் தம் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும், உறுதியான லாபம் என்று வாக்களிப்பதும் அவருக்குத் தடுக்கப்பட்டவை. காட்டிய அட்டையை நம்பாமல், எண்ணைச் செபியின் இணையதளத்தில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். அங்குள்ள பெயரும் பணம் கேட்கும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்கூடச் சறுக்குவது, கேட்பவர் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருக்கும்போதுதான். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் சொந்தக்கார ஏஜெண்டிடமும் ஐந்தொகை எனப்படும் வரவு செலவு நிலைக் கணக்கைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்த ஊர்கள் இவை. இன்று அதே ஊர்களில் பத்திரம் கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுகிறோம். வட்டி நின்ற பிறகும் அந்த அச்சம் போவதில்லை. புகார் கொடுத்தால் முதலும் வராது என்று பணம் வாங்கித் தந்த ஏஜெண்டு சொல்வதை நம்பி மாதங்கள் கழிகின்றன. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்துகளை முடக்க வழி உண்டு. ஆனால் முடக்குவதற்குச் சொத்து மிச்சமிருக்க வேண்டும். வட்டி தவறிய முதல் மாதமே ரசீதுகளுடன் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுக வேண்டியது அதனால்தான்.