உஸ்பெக்–இங்கிலீஷ் நேரடி மொழிபெயர்ப்புல தவிர்க்க வேண்டிய தவறுகள்

உஸ்பெக்ல கேக்கறத அதே நேரத்துல இங்கிலீஷ்ல சொல்ல பூத்ல உக்காந்திருக்கவங்க அதிகமா மாட்டிக்கிற இடம், வினைச்சொல் வர்றதுக்கு முன்னாடியே வாக்கியத்த முடிச்சிடறதுதான். நம்ம தமிழ் மாதிரியே அங்கயும் வினை கடைசிலதான் வரும், மறுப்பு அந்த வினைக்குள்ளயே 'ம'ன்னு சின்னதா ஒட்டிக்கிட்டு இருக்கும். கெல்தின்னா வந்தார், கெல்மதின்னா வரல. "நாங்க இந்த ஒப்பந்தத்துல இன்னைக்கு"ன்னு பேச்சாளர் இழுக்கும்போதே நீங்க கையெழுத்து போடறோம்னு சொல்லிட்டீங்க, அவரு "இம்ஸாலமய்மிஸ்", அதாவது போட மாட்டோம்னு முடிக்கிறார்னா அதோட போச்சு, எதிர்ல இருக்கவங்க காதுல சம்மதம்னு விழுந்தாச்சு. அதுக்காக கடைசி வரைக்கும் வாய மூடிக்கிட்டும் இருக்க முடியாது, நீள வாக்கியம்னா முதல் பாதி மறந்துடும். "இந்த ஒப்பந்தம் விஷயத்துல இன்னைக்கு எங்க நிலைப்பாடு"ன்னு ரெண்டு பக்கமும் சாயாத ஒரு துண்ட சொல்லி வைங்க, வினை வந்ததும் முடிங்க.

இங்கிலீஷ்லேர்ந்து உஸ்பெக்குக்கு போறப்ப சிக்கல் தலைகீழ். அமைச்சர்னு சொல்லிட்டு அப்புறமாதான் அவர் எப்ப எதுக்கு சமர்கந்து வந்தார்னு இங்கிலீஷ் அடுக்கும், உஸ்பெக்ல அதெல்லாம் அமைச்சருக்கு முன்னாடி வரணும். எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல திணிக்காதீங்க, ரெண்டா உடைங்க.

அவன், அவள், அது மூணுக்கும் உஸ்பெக்ல ஒரே 'உ'தான். குத்துமதிப்பா 'ஹி'ன்னு போடறது ரொம்ப தப்பு. முன்கூட்டியே பேர் பட்டியல் வாங்கிடுங்க, கரிமோவ்னா ஆண், கரிமோவான்னா பெண்னு முடிவுல இருக்க 'ஆ'வே நிறைய பேர் விஷயத்துல ஆணா பெண்ணான்னு சொல்லிடும், அதுவும் தெரியலன்னா பதவிப் பேர திரும்ப சொல்லுங்க.

எனக்கு ரொம்ப கவலை தர்றது இதுதான்: கெல்தின்னா வந்தார், கெலிப்தின்னா நேர்ல பாக்கல, வந்திருக்கார்னு தெரியுது, கெல்கன் எமிஷ்னா வந்தாராம், அவ்ளோ நம்பிக்கை இல்ல. மூணையும் இங்கிலீஷ்ல வெறும் 'கேம்' (came)னு சொல்லிட்டு போறாங்க. கோர்ட்லயோ அகதி விசாரணையிலயோ காதால கேட்டது கண்ணால பாத்ததா பதிவாயிடும், சாட்சி சொன்னவர் பொய்யர் ஆயிடுவார். ஏதாவது ஒரு வார்த்தை சேர்த்து, கேள்விப்பட்டதுன்னு தெரியற மாதிரி சொல்லியே ஆகணும்.

அப்புறம் 'லர்' விகுதி எல்லா இடத்துலயும் பன்மை இல்ல, "ததம்லர் கெல்திலர்"னா அப்பா வந்தாங்கன்னு மரியாதையா சொல்றது, வந்தது ஒருத்தர்தான், இங்கிலீஷ்ல 'தே' (they) போட்டுடாதீங்க.