சிஸ்டீன் எதோடு பிணையும்? மெஷின் லேர்னிங்கில் ஒரு முதல் பயிற்சி

சிஸ்டீன் என்பது கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலம். புரதத்தில் அது பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: இன்னொரு சிஸ்டீனோடு டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்கள் இணைவது), துத்தநாகம் போன்ற உலோகத்தோடு பிணைப்பு, அல்லது தனி. அமினோ அமில வரிசையை மட்டும் வைத்து இதைக் கணிக்கப் பார்ப்போம். பைத்தானும், அதன் மெஷின் லேர்னிங் நூலகமான சைக்கிட்-லேர்னும் போதும்.

படி 1: விடைகளைத் திரட்டுதல்

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் புரதத் தரவு வங்கியிலிருந்து (PDB) அமைப்புகளை இறக்கி, ஒவ்வொரு சிஸ்டீனின் கந்தக அணுவிலிருந்தும் தூரம் அளக்கவும். இன்னொரு சிஸ்டீனின் கந்தகம் 2.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் டைசல்ஃபைடு (பிணைப்பின் நீளம் சுமார் 2.05). உலோக அணு 2.8-க்குள் இருந்தால் உலோகப் பிணைப்பு. மற்றதெல்லாம் தனி. ஒரே சங்கிலிக்குள் (அமினோ அமிலங்களின் தொடர்) மட்டும் தேடாதீர்கள். இன்சுலினின் 3 டைசல்ஃபைடுகளில் 2, ஏ சங்கிலியையும் பி சங்கிலியையும் இணைப்பவை.

படி 2: எண்களாக்குதல்

சிஸ்டீனுக்கு இருபுறமும் 7 அமினோ அமிலங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் 21 கட்டங்கள்: 20 அமினோ அமிலங்களுக்கு 20, சங்கிலி முடிந்துபோன வெற்றிடத்துக்கு 1. பொருந்தும் கட்டத்தில் 1, மற்றவற்றில் 0. ஆக 14 × 21 = 294 எண்கள். நடுவில் எப்போதும் சிஸ்டீன்தான், அதைச் சேர்க்க வேண்டாம். சங்கிலியில் மொத்தம் எத்தனை சிஸ்டீன் என்பதையும் சேர்த்துவிடுங்கள், நன்றாக உதவும்.

படி 3: பிரித்தல்

முழு வேலையின் நம்பகத்தன்மையும் இங்கேதான் இருக்கிறது. மனித இன்சுலின் பயிற்சியிலும் பன்றி இன்சுலின் சோதனையிலும் விழுந்தால், இரண்டுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். மாதிரி எதையும் கற்காமலே மனப்பாடத்தில் பாஸாகிவிடும். அதனால் வரிசைகளை ஒப்பிட்டுக் குழுவாக்கும் எம்எம்சீக்ஸ்2 (MMseqs2) மென்பொருள் கொண்டு, 30 சதவீதத்துக்கு மேல் ஒத்த வரிசைகளை ஒரே குழுவாக்குங்கள். அப்புறம் சைக்கிட்-லேர்னில் உள்ள குரூப்-கே-ஃபோல்டால் (GroupKFold) பயிற்சிக்கும் சோதனைக்கும் குழு குழுவாகப் பிரியுங்கள். மதிப்பெண் குறையும், நம்பத் தகுந்தது அந்தக் குறைந்த மதிப்பெண்தான்.

படி 4: பயிற்சி

ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பால் கணிக்கும் முறை), 500 மரங்கள். மூன்று வகைகளும் சம அளவில் இருக்காது என்பதால் வகை எடையை 'பேலன்ஸ்டு' என்று வையுங்கள்.

படி 5: சோதனை

வெறும் துல்லிய சதவீதம் ஏமாற்றும்; வகைகள் சமமில்லாதபோதும் ஏமாறாத மதிப்பெண்ணான மேத்யூஸ் ஒட்டுறவுக் கெழுவைப் பாருங்கள். கூடவே எந்த வகை எதுவாகக் குழம்புகிறது என்ற அட்டவணையையும் அச்சிடுங்கள். இரண்டு சிஸ்டீன், நடுவே இரண்டு அமினோ அமிலம் என்ற அமைப்பு தயோரெடாக்சின் என்ற புரதத்தில் டைசல்ஃபைடாகும்; பல துத்தநாக விரல்களில் (துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் புரதப் பகுதிகள்) உலோகத்தைப் பிடிக்கும். அங்கே தவறுகள் குவிந்தால், மரங்களைக் கூட்டுவதற்கு முன் படி 2-இல் இருபுறமும் எடுத்த 7-ஐ 10 ஆக்கிப் பாருங்கள்.