பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாதீர்கள்: ராமநாதபுரம் கரையிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து புதிதாக வெளிநாடு வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது, சிம் கார்டு வாங்குவது பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் விஷயத்தை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வந்த முதல் வாரத்திலேயே அது வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். நீங்கள் ஒரு பெண் மேலாளருக்கு 'டியர் சார்' என்று மெயில் அனுப்பியிருப்பீர்கள். மீசை வைத்த உங்களுக்கு 'மிஸ்' என்று போட்டு வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கும்.

ஊரில் நம் பெயர் தனியாக வெளியே போவதே கிடையாது. முத்து என்ற பெயர் இரு பாலுக்கும் உண்டு. ஆனாலும் நம் தெருவில் யாருக்கும் குழப்பம் வராது. முத்தண்ணன், முத்தக்கா என்று உறவுமுறை கூடவே வரும். கீழக்கரைப் பக்கம் அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு ராத்தா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் பெயரின் வாலில் சாகிபு, மரைக்காயர், பீவி, நாச்சியார், அம்மாள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் வந்தான், வந்தாள் என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். விண்ணப்பப் படிவத்தில் இவை எல்லாம் கழன்றுபோகின்றன. வெறும் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. அதைப் படிப்பவர் உங்களைப் பார்த்ததில்லை. தன் காதுக்குப் பழகிய ஒலியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

ஆங்கிலக் காதுக்கு 'ஆ' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண். மரியா, ஜூலியா, அன்னா, சோஃபியா என்று கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே ராஜா, சிவா, சூர்யா, ஜீவா, பாலா எல்லாரும் அவர்கள் பட்டியலில் பெண்களாகிவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, நம் பாட்டிமார் பெயர்களான பாக்கியம், தங்கம், கமலம், ராஜம் எல்லாம் மெய்யெழுத்தில் முடிவதால் ஆண் பெயர்களாகத் தெரியும். அம்மாவை அழைத்து வந்து மருத்துவமனையில் பதிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

நம் கரைக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. மீரா சாகிபு, மீரா மைதீன், மீரா முகைதீன் என்று பெயருள்ள ஆண்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வெளிநாட்டு அலுவலகத்தில் பெயரின் முதல் சொல்லைத்தான் கூப்பிடும் பெயராக எடுப்பார்கள். பக்கத்து இருக்கை வட இந்தியருக்கோ மீரா என்றால் பெண்ணைத் தவிர வேறு யாருமில்லை. வெள்ளைக்காரருக்கும் அப்படியே. கனியும் அப்படித்தான். அப்துல் கனி ஆண், கனி என்று செல்லமாக அழைக்கப்படும் கனிமொழி பெண். தாளில் இரண்டும் ஒன்றுதான். சேது, நம்பு, அருள், அன்பு, ரத்தினம் என்ற பெயர்களையும் இதே வரிசையில் சேருங்கள்.

பாம்பன், தங்கச்சிமடம், ஓரியூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மரிய அந்தோணி, மரிய சூசை, மரிய ஜான் என்று ஆண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கடவுச்சீட்டில் அது பிரிந்து 'மரிய' மட்டும் முன்னால் நின்றுவிட்டால் நிலைமை என்ன ஆகும்? நம் பக்கத்து மாணவர் ஒருவருக்கு விடுதியில் பெண்கள் தளத்தில் அறை ஒதுக்கிவிட்டார்கள். பெட்டியோடு வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் கூனிக்குறுக வேண்டிய அவசியமே இல்லை. ஐரோப்பாவிலும் ஆண்கள் இந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினில் ஹோசே மரியா என்றால் ஆண், மரியா ஹோசே என்றால் பெண். எது முன்னால் நிற்கிறதோ அதுதான் கணக்கு.

பெண்களுக்கு வரும் தொல்லை இன்னும் பெரியது என்று நினைக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். நம் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.ஜே. என்பதில் அவுல் கொள்ளுத்தாத்தா பெயர், பக்கீர் தாத்தா பெயர், ஜைனுலாப்தீன் தகப்பனார் பெயர். நமக்கு இது பார்த்ததும் புரியும். கடவுச்சீட்டிலோ முதலெழுத்தை விரித்து எழுதும்போது தகப்பன் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்காருகிறது. இங்கே முறையான கடிதங்களில் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். எனவே படித்த பெண் ஒருத்தி தன் அப்பா பெயரால் அழைக்கப்படுகிறாள். முன்னால் 'மிஸ்டர்' வேறு. மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் "மிஸ்டர் ராமலிங்கம்" என்று மூன்று முறை கூப்பிட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கும் நம் பெண்கள் எத்தனையோ பேர். அப்பா பெயரைக் கேட்டால் எழுந்துவிடுங்கள். அப்புறம் வரவேற்பு மேசையில் 'மிஸ்டர்' என்ற பட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

சரி, இது நம் பெயர் அவர்கள் கையில் படும் பாடு. அவர்கள் பெயரை நாம் என்ன செய்கிறோம்?

கிரிக்கெட்டிலிருந்தே தொடங்கலாம். 519 டெஸ்ட் விக்கெட் எடுத்த கோர்ட்னி வால்ஷைத் தெரியாத ஆள் நம் பக்கம் உண்டா? அமெரிக்காவில் கோர்ட்னி என்ற பெயரில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் பெண்ணை. ஷானன் கேப்ரியல் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர், ஆண். ஷானன் என்ற பெண்களும் ஏராளம். ஆஷ்லி கைல்ஸ் இங்கிலாந்தின் ஆண் சுழற்பந்து வீச்சாளர், ஆஷ்லி கார்ட்னர் ஆஸ்திரேலியப் பெண்கள் அணியில் ஆடுபவர். கிம் ஹியூஸ் ஆஸ்திரேலிய ஆண்கள் அணியின் தலைவராக இருந்தவர், கிம் கார்த் அதே நாட்டுப் பெண்கள் அணியின் பந்துவீச்சாளர். 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா ரன் அவுட் செய்தாரே, சார்லி டீன், அவர் பெண்தான். அலெக்ஸ், சாம், கிறிஸ், ஜோ, ஜேமி, ராபின், டெய்லர், ஜோர்டான் என்று பெயர் வந்தால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆஷ்லி போன்ற சில பெயர்கள் கடல் தாண்டினாலே மாறிவிடும். இங்கிலாந்தில் ஆண்களுக்கு வைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவில் அது பெண்பிள்ளைப் பெயராகிவிட்டது.

ஐரோப்பாவுக்குள் வந்தால் நாட்டு எல்லை தாண்டும்போதே பால் மாறும். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண், ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பெண். நிகோலாவும் அப்படியே. ஆங்கிலத்தில் ஜீன் என்று வாசிக்கும் பெண் பெயரை அதே எழுத்தில் பிரெஞ்சுக்காரர் ழான் என்று வாசிப்பார், ஆண். Jan என்று எழுதுவதை டச்சுக்காரர் யான் என்று வாசிப்பார், ஆண்; இங்கிலாந்தில் அதே எழுத்தில் ஒரு பெண்மணி தன் பெயரை எழுதிக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் இப்போது நிகிதா என்று பெண்பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். சோவியத் நாட்டை ஆண்ட குருஷ்சேவின் முதல் பெயர் நிகிதா. சாஷா ரஷ்யாவில் இருவருக்கும் பொது.

வளைகுடாவுக்கு வந்திருப்பவர்களில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹம்ஸா, தல்ஹா, உஸாமா எல்லாம் ஆண் பெயர்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் 'ஆ' சத்தத்தைக் கேட்டு ஏமாறாமல் இருங்கள். நூர், ஸபாஹ், இஹ்சான் போன்றவை இரு பாலுக்கும் வரும். குவைத்தை 2020 வரை ஆண்டவர் பெயர் ஸபாஹ், லெபனானின் புகழ்பெற்ற பாடகி பெயரும் ஸபாஹ். அதே அலுவலகத்தில் மலையாளி ஜாய் இருப்பார், பிலிப்பைன்ஸ் ஜாயும் இருப்பார். முன்னவர் பெரும்பாலும் சேட்டன், பின்னவர் அநேகமாகப் பெண். ஷாஜி, சஜி, ரெஜி என்று கேரளப் பெயர்கள் 'இ'யில் முடிந்தாலும் பெரும்பாலும் ஆண்கள்தான். வட இந்தியர்களிடமும் கவனம் தேவை. நமக்கு ஜோதி என்றால் பெண்ணே நினைவுக்கு வருவாள், மேற்கு வங்கத்தை நீண்ட காலம் ஆண்ட முதலமைச்சர் ஜோதி பாசு. கிரண் மோரே விக்கெட் கீப்பர், கிரண் பேடி காவல்துறை அதிகாரி.

சில சமூகங்கள் பெயருக்குள்ளேயே விடையை வைத்திருக்கின்றன. சீக்கியர்களில் குர்பிரீத், ஹர்பிரீத், மன்ஜீத் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பின்னால் சிங் வந்தால் ஆண், கௌர் வந்தால் பெண். மலேசியாவில் மலாய்க்காரர்களுக்கு மகன் என்றால் பின், மகள் என்றால் பிந்தி. அங்குள்ள தமிழர்களுக்கு அதே வரிசையில் ஏ/எல், ஏ/பி. சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பார்த்து நாம் கண்டுபிடிப்பது கடினம், அதோடு குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதை எல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்தாலும் நாளைக்கே இன்னொரு பெயர் வந்து நிற்கும். முதல் மெயிலில் பட்டம் போடாமல் முழுப் பெயரை எழுதுங்கள், 'டியர்' போட்டு முதற்பெயரும் குடும்பப் பெயரும் அப்படியே. அது மரியாதைக் குறைவு இல்லை. பதில் வரும்போது கீழே பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயருக்குப் பக்கத்தில் 'ஷீ/ஹெர்', 'ஹி/ஹிம்' என்று போட்டிருப்பவர்கள் நமக்கு வேலையை எளிதாக்குகிறார்கள். 'தே/தெம்' என்று இருந்தால் ஆண், பெண் என்று பிரிக்காமல் அப்படியே குறிப்பிடுங்கள். தமிழில் நாம் அவர் வந்தார், அவர் சொன்னார் என்று ஆணா பெண்ணா என்று காட்டாமலேயே நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்தானே, நமக்கு இது புதிதே அல்ல. பெண் என்று தெரிந்தபின் மிஸ்ஸிஸ் போடாதீர்கள், கல்யாணமானவரா என்பது நமக்கு எதற்கு? எம்.எஸ். என்று எழுதும் பட்டம் போதும். பிரிட்டனில் பல படிவங்களில் எம்.எக்ஸ். என்ற பட்டமும் இருக்கும், பால் சொல்ல விரும்பாதவர்களுக்கும் இரண்டிலும் சேராதவர்களுக்கும் ஆனது.

தொலைபேசியில் வாக்கியத்துக்கு வாக்கியம் சார் போடும் நம் பழக்கம்தான் ஆபத்தானது. கனத்த குரலுள்ள பெண்களும் மென்குரல் ஆண்களும் எல்லா ஊரிலும் உண்டு. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் மேலதிகாரியையே முதற்பெயரால் கூப்பிடுவார்கள். தொடக்கத்தில் நாக்கு கூசும், பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது ஒன்று. முதல் மெயிலின் அடியில் பெயருக்கு முன்னால் பட்டத்தை நீங்களே எழுதிவிடுங்கள். யாராவது தவறாக அழைத்தால் அன்றைக்கே, சிரித்த முகத்தோடு, ஒரு வரியில் திருத்துங்கள். பாவம் என்று விட்டால் அடுத்த வருடமும் அப்படியேதான் அழைப்பார்கள், அதற்குப் பிறகு சொல்வது இருவருக்கும் சங்கடம். வங்கி, மருத்துவமனை, விமானச்சீட்டு இந்த மூன்றிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்கா போகும் விமானங்களுக்குப் பெயர், பிறந்த தேதியோடு பாலினத்தையும் முன்கூட்டியே வாங்குகிறார்கள், அது கடவுச்சீட்டோடு பொருந்த வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் வருகை விசாக்களுக்கு அதை ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஊரிலிருந்து யாரையாவது அழைப்பதாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பெயரையே மாற்றிக்கொள்ளலாமா, சாம் என்றோ மைக் என்றோ வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் எண்ணம். மீரா சாகிபு என்று வந்தவர் மீரா சாகிபாகவே இருக்கட்டும். நூர் முகம்மதுவை முழுசாகச் சொல்லிப் பழக்குங்கள், இங்குள்ளவர்களுக்கு இரண்டு வாரம் போதும். உச்சரிக்கத் திணறுகிறார்களே என்று வெட்டிக் கொடுக்கும்போதுதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. மரிய அந்தோணியை மரிய ஆக்குவதைவிட அந்தோணி ஆக்குவது மேல் அல்லவா? எந்தப் பகுதியால் கூப்பிட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கும் கேள்வி வேறு விதமாக வரும். ஜெர்மனியில் முன்பு பெயரைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்று பதிவு அலுவலகங்கள் வற்புறுத்தின. பொதுப் பெயர் வைத்தால் கூடவே தெளிவான இரண்டாவது பெயர் கேட்டார்கள். ஒரு பெண்குழந்தைக்குக் கிரண் என்ற நம் நாட்டுப் பெயரை வைக்க விடாமல் மறுத்த வழக்கு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. 2008 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. குழந்தையின் நலனுக்குக் கேடு வராதவரை பொதுப் பெயர் மட்டும் வைக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஐஸ்லாந்திலும் 2019-இல் சட்டம் மாறி, பெயருக்கும் பாலுக்கும் இருந்த கட்டு அவிழ்ந்தது. ஆகவே சேது, அருள், அன்பு என்று தாத்தா பாட்டி பெயரை வைக்க ஆசைப்பட்டால் தயங்காமல் வையுங்கள். பதிவுக்குப் போகும் முன் அந்த நாட்டு எழுத்தில் பெயரை எழுதி, அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் யார் பெயர் போகப்போகிறது என்பதையும் வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கள், மேசை முன்னால் நின்று யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.