எல்.பி.ஜி. கோளத் தொட்டியில் தண்ணீர் வடிக்கும்போது

ஹெல்மெட், கையுறை, பெர்மிட் பற்றி எழுதப் போவதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் அதிலெல்லாம் கெட்டிக்காரர்கள். ஆனால் எங்கள் தலைமுறை செய்த சில தவறுகளை அப்படியே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

எந்த வால்வு முதலில்?

தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்க, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள் இருக்கும். தொட்டியை ஒட்டிய மேல் வால்வை முதலில் முழுதாகத் திறக்க வேண்டும். அப்புறம் கீழ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அதில்தான் அளவு பார்க்க வேண்டும். மூடும்போது கீழ் வால்வு முதலில்.

"ரெண்டும் வால்வுதானே அண்ணே, எதுல வெச்சா என்ன?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே இன்றும் எனக்குக் கோபம் வரும். அழுத்தம் எங்கே குறைகிறதோ அங்கேதான் குளிரும். எல்.பி.ஜி.யில் இருக்கிற புரோப்பேன் வாயு கொதிப்பதே மைனஸ் 42 டிகிரியில். அது தண்ணீரோடு சேர்ந்து வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். கீழ் வால்வு உறைந்தால் மேல் வால்வை மூடித் தப்பிக்கலாம். மேல் வால்வே உறைந்துவிட்டால் அதற்கு மேலே மூடுவதற்கு எதுவும் இல்லை.

பிரான்சில் லியோனுக்குத் தெற்கே ஃபேசான் சுத்திகரிப்பு ஆலை. 1966 ஜனவரி 4, விடியும் முன் கீழ் வால்வைத் திறந்துவிட்டு மேல் வால்வில் அளவு பார்த்தார்கள். ஓட்டம் நின்றது. மேல் வால்வை இன்னும் திறந்தார்கள். அடைப்பு விட்டுப்போய் புரோப்பேன் பீய்ச்சி அடித்தது. எந்த வால்வையும் மூட முடியவில்லை. ஆவி மேகம் பக்கத்துச் சாலைவரை தவழ்ந்துபோய் ஒரு காரால் பற்றிக்கொண்டது. தீயில் வெந்த தொட்டி பிறகு வெடித்தது. இறந்தவர்கள் 18 பேர். அவர்களில் தீயணைக்கப் போனவர்களும் உண்டு.

ஒரு நைட் ஷிஃப்டில், ஓட்டம் நின்றதும் ஒரு தம்பி மேல் வால்வை நோக்கிக் கை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் பதறிப் பின்வாங்கினான். ஓட்டம் நின்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றோ, இன்னும் கொஞ்சம் திறக்கலாம் என்றோ நினைக்காதீர்கள். அடைத்திருக்கிறது. மூடிவிட்டு ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள்.

"வாசனையே வரலையே"

சமையல் கேஸின் நாற்றம் பின்னால் கலக்கப்படுவது. தொட்டியில் உள்ளதில் அது இல்லாமல் இருக்கலாம். கேஸ் டிடெக்டரைப் பாருங்கள்.

"டீசல் வண்டிதானே"

2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஆவி மேகம் வெடித்து 15 பேர் இறந்தார்கள். ஸ்டார்ட்டில் நின்ற டீசல் பிக்கப் வண்டியால்தான் மேகம் பற்றியிருக்க வேண்டும் என்றது விசாரணை. டீசல் எஞ்சின் ஆவியை உறிஞ்சித் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

வெள்ளைப் புகைக்கு வெளியே நிற்பது

கசிவில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மேகத்தைத் தாண்டியும் கேஸ் இருக்கும்.

யூனிட்டை ஓட்டிக்கொண்டே கசிவைத் தேடுவது

2012-இல் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் கசிந்தது. யூனிட்டை நிறுத்தாமலே குழாய்மேல் சுற்றியிருந்த உறையைப் பிரித்தார்கள். குழாய் உடைந்து 19 பேர் ஆவி மேகத்துக்குள் சிக்கினார்கள். அத்தனை பேரும் உயிர்தப்பினார்கள். எந்த இடத்தில் கசிகிறது என்று தெரியாதபோது யூனிட்டை நிறுத்துங்கள், பிறகு தேடுங்கள்.